பின் அடித்த பக்கங்கள்

பள்ளிக்கூடத்தில் அவரைப் பெல்லு என்றால்தான் தெரியும். பதினாலு வருஷமாக மணி அடிக்கிற ஆள். வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் ஓங்கி ஒன்று போட்டாரென்றால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனதாகச் சரித்திரம் கிடையாது. அவர் மணியை நம்பி அடுப்பில் உலை வைக்கிற வீடுகள் அந்தத் தெருவில் உண்டு. "நம்ம சுவர்க் கடிகாரம் ஒழுங்கா ஓடுறதே பெல்லுவுக்குப் பயந்துதான்" என்பார் கணக்கு வாத்தியார்.

வயது ஐம்பத்துமூன்று. ஒண்டிக்கட்டை. பள்ளிக்குப் பின்தெருவில் ஒரே அறை வாடகைக்கு. ஒரு தட்டு, ஒரு தலையணை, இரண்டு டம்ளர். வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதால் இரண்டாவது டம்ளரில் சீப்பையும் பேனாவையும் போட்டு வைத்திருந்தார். கல்யாணமே ஆகாத மனுஷன் என்றுதான் பள்ளியில் நினைத்தார்கள். ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு நாள். நாற்பத்துமூன்றாம் நாள் காலையில் அவரே அந்தப் பெண்ணிடம், "நீ உங்க வீட்டுக்குப் போயிடு" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். ஏன் என்று அவள் கேட்டாள். அவருடைய அக்கா கேட்டாள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பெண்ணிடம்தான் என்னவோ குறை என்று தெரு தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. அப்போதும் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. பதினாறு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தால் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. யாரிடம் கேட்பது? அப்பா இல்லை. அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்கிற விஷயமா இது? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு அச்சகத்தில் தாள் அடுக்கப் போயிருந்தார். அங்கே இருந்த பெரியவன்களிடம் கேட்டால் ஊரைக் கூட்டிச் சிரிப்பான்கள். கடைசியில் பதில் சொன்னது பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான். 'இளமையில் செய்த தவறா? தூக்கத்தில் சக்தி வீணாகிறதா? வாழ்வே போயிற்றா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தது. கீழே ஒரு லாட்ஜ், அறை எண் பன்னிரண்டு, மாதத்தில் இரண்டு நாள்.

லாட்ஜ் டாக்டர் கண்ணாடி போட்ட, நல்ல நிறமான மனிதர். நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு மாசமா."

"அட பாவி. உடம்புல இருந்த சாரமெல்லாம் போயிடுச்சேப்பா. இனி நீ வெறும் சக்கைதான். பொடி தரேன், சாப்பிடு. ஆனா ஒண்ணு. கல்யாணம் காட்சின்னு மட்டும் போயிடாதே. ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்த பாவம் உனக்கு எதுக்கு?"

அன்றைக்குப் பிடித்த பயம் இறங்கவே இல்லை. பொடியை எட்டு வருஷம் தின்றார். இருபத்தைந்தாவது வயதில் அக்கா ஒற்றைக் காலில் நின்று கல்யாணத்தை முடித்துவிட்டாள். வேண்டாம் என்றார். ஏன் என்றால் சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்திரண்டு நாளும் அச்சகத்தில் ராத்திரி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலிருந்த நேரத்தில் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். நம்மோடு சேர்ந்து இந்தப் பெண்ணும் எதற்கு நாசமாக வேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் அனுப்பி வைத்தார். நல்ல எண்ணம் மாதிரி ஆளைக் கவிழ்க்கிற சமாசாரம் வேறு இல்லை.

ஐம்பத்துமூன்று வயது ஆளுக்கு இதுகூடவா தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். தெரியாதவன் நாலு பேரோடு உட்கார்ந்தால் என்றைக்காவது தெரிந்துகொள்வான். இவர் உட்காரவில்லை. அச்சகத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் பீடி பற்ற வைக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பீடியே பிடிக்காத மனுஷன். நமக்குள்ள சீக்கு நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்திலேயே காலம் ஓடிப் போயிற்று. அக்காவும் போய்ச் சேர்ந்தாள்.

இப்படிப்பட்ட ஆளிடம் பள்ளிக்கூடம் என்ன வேலை கொடுத்தது தெரியுமா?

வருஷா வருஷம் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதில் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து ஏழு தாள், 'வளரும் உடல்' என்று ஒரு பாடம். அந்த ஏழு தாளையும் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிட வேண்டும். தலைமையாசிரியரின் உத்தரவு. "உள்ள என்னன்னு பார்க்காதே பெல்லு. ஓரத்தைப் பார்த்து அடி" என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார். பின் அடித்தபின் பாடத்தின் தலைப்பும் கடைசிப் பக்கத்தில் இருக்கிற பயிற்சிக் கேள்விகளும் மட்டும் வெளியே தெரியும். கேள்வி இருக்கும், பதில் இருக்காது.

பெல்லு சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். எங்கே தன்னைப் பற்றி, தன் சீக்கைப் பற்றி அச்சில் போட்டிருப்பார்களோ என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு டக் டக் டக் என்று அடிப்பார்.

இதில் கூத்து என்னவென்றால், புத்தகம் கொடுத்த அன்று சாயங்காலமே வகுப்பறைத் தரையெல்லாம் பின்னாகக் கிடக்கும். பிள்ளைகள் நகத்தால் பிய்த்துப் போட்டிருப்பார்கள். கடைசி பெஞ்சில் கிக்கிக்கீ என்று சிரிப்பு. பெல்லுதான் கூட்டி அள்ளுவார். தலைமையாசிரியருக்கும் தெரியும். அவரும் பேச மாட்டார், இவரும் பேச மாட்டார். பிள்ளைகளும் சிரிப்பார்களே தவிர புரியாததை யாரிடமும் கேட்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் மட்டும் வருஷா வருஷம் புதுசாக ஒட்டப்படும்.

அந்த வருஷம் பள்ளி திறந்த பிறகுதான் புத்தகங்கள் வந்தன. புதிதாக ஒரு சயின்ஸ் டீச்சரும் வந்தாள். சின்ன வயசு, படபடவென்று பேசுவாள். புத்தகங்களுக்குப் பின் அடித்து முடித்து ஆய்வகத்தில் அடுக்கி வைத்த மறுநாள் பெல்லுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பின்னையெல்லாம் எடுத்துடுங்க."

"எதைங்க டீச்சர்?"

"இப்ப அடிச்சீங்கல்ல, அதைத்தான். இந்தப் பாடத்தைக் கண்டிப்பா நடத்தணும்னு மேலேயிருந்து சர்குலர் வந்திருக்கு. ஹெச்.எம்.மும் சரின்னுட்டார்."

பெல்லு தலையைச் சொறிந்தார். "அடிக்கிறது சுலபம் டீச்சர். எடுக்கிறதுதான் கஷ்டம்."

"தெரியும்ணே. அதான் உங்ககிட்ட சொல்றேன், என் நகம் போயிடும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பின்னை அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எடுக்கும்போது முடியாது. தாளைப் பிரித்து, நடுவில் கத்தி முனையைக் கொடுத்து நெம்ப வேண்டும். நாலாவது புத்தகத்தில் மூன்றாவது பின் பிய்ந்ததும் பக்கம் தானாக விரிந்தது. நூற்றுப் பதினெட்டு. கண் போய்விட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைய, விரல் வைத்துப் படித்தார்.

'வளரும் பருவத்தில் ஆண் பிள்ளைகளுக்கு உறக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பானது. இது நோய் அல்ல. இதனால் உடல் பலவீனம் அடைவதில்லை. பிற்கால மண வாழ்க்கைக்கும் இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.'

ஒரு தடவை படித்தார். அச்சுப் பிழையாக இருக்கும் என்று இன்னொரு புத்தகத்தின் பின்னைப் பிய்த்து அதிலும் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. மூன்றாவதிலும் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் புத்தகம், அத்தனையிலும் ஒரே வார்த்தை. மூன்று வரி சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மனுஷனின் மொத்த ஆயுளும் போயிருக்கிறது. அந்த மூன்று வரியின் மேல் பதினாலு வருஷமாகத் தன் கையாலேயே பின் அடித்திருக்கிறார்.

அழுகை வரவில்லை. மணி பார்த்தார், பதினொன்று நாற்பது. போய் மணி அடித்துவிட்டு வந்து மிச்சப் பின்களை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரே நினைப்புதான். அவளிடம் சொல்ல வேண்டும். உன்மேல் குற்றம் இல்லை, உன்னிடம் குறை இல்லை, எனக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போயிற்று என்று ஒரு வார்த்தை. அவளுக்கு மறு கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு இருக்கிறாள், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று அக்கா உயிரோடிருந்தபோது சொன்னது ஞாபகம் இருந்தது. போய் நின்றால் செருப்பால் அடிப்பாளோ? அடித்தால் அடிக்கட்டும். சொல்லாமல் இனி முடியாது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"பெல்லு, அந்தப் புத்தகத்துக்கெல்லாம் திரும்பப் பின் அடிச்சுடு."

"இப்பத்தானே சார் எடுத்தேன்?"

"டீச்சர் அந்தப் பாடம் நடத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டு ரெண்டு அப்பன்மாரு வந்து என் மேஜையைக் குத்திட்டுப் போறாங்கய்யா. பிள்ளைங்களைக் கெடுக்கிறீங்களான்னு கேக்குறாங்க. சர்குலர் போட்டவனா வந்து பதில் சொல்லுவான்? திங்கக்கிழமைக்குள்ள முடி."

பெல்லு ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தையல் கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. இரண்டு மிஷின், சுவரெல்லாம் நூல்கண்டு, கயிற்றில் பாதி தைத்த பாவாடைகள். அவள் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோல் நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். நீ என்பதா, நீங்க என்பதா? நீ என்று கூப்பிட உரிமை போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நீங்க என்றால் வேற்று ஆள் ஆகிவிடும். இரண்டும் இல்லாமல் பேச்சை ஆரம்பித்தார்.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு..."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அனுப்பினது... ஒரு லாட்ஜ் டாக்டர் சொன்னான். எனக்கு உடம்பு சரியில்லைன்னு. அப்புறம் இப்பத்தான் நான் மணி அடிக்கிற ஸ்கூல்ல, ஒன்பதாவது சயின்ஸ் புத்தகத்துல..."

பின்கட்டிலிருந்து ஒரு மனிதர் ஈரத் துண்டோடு வந்தார். அவள் புருஷன்.

"யாரும்மா?"

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். "ஸ்கூல்லேருந்து வந்திருக்கார். யூனிஃபார்ம் விஷயமா."

"அடடே, உக்காருங்க அண்ணே! நின்னுக்கிட்டே பேசுறீங்களே. நல்லா கணக்குப் பார்த்துப் பேசுங்க, இவ அளவுல இஞ்சு விடமாட்டா, வாயிலயும் இஞ்சு விடமாட்டா." அவரே தன் நகைச்சுவைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். "டீ சாப்பிடுறீங்களா?"

பெல்லு உட்கார்ந்தார். டீ வந்தது. எத்தனை பிள்ளைகள், எந்த நிறம், பாக்கெட் ஒன்றா இரண்டா என்று அவள் கேட்டாள். இவர் பதில் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் காக்கியா நீலமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷன் அந்தப் புருஷன். பிஸ்கட் தட்டை இரண்டு முறை இவர் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு மார்க்கெட்டுக்குப் போகப் பையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷம் கண்ணாடியே பார்க்கல நான். என்கிட்ட நாத்தம் கீத்தம் அடிக்குதோன்னு தினம் மூணு வேளை குளிச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

பெல்லு தலை குனிந்தார்.

"அந்தப் புத்தகத்தை நான் எப்பவோ படிச்சுட்டேன். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறப்போ. அவ ஸ்கூல்ல ஒளிக்காம நடத்தினாங்க. படிச்ச அன்னிக்குத்தான், ஓ, இதுவா இருக்குமோன்னு உங்க ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல உங்க மேல கோபம் இல்ல. பத்து வருஷம் ஆச்சு."

"பத்து வருஷமா தெரியுமா?"

"உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

"எனக்குச் சொல்ல யாரு இருக்கா" என்றார் பெல்லு.

அவள் உள்ளே போய் ஒரு துண்டு நீலத் துணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். புருஷன் பையோடு வெளியே வரவும், "இதுதான் சாம்பிள். ஸ்கூல்ல காட்டிட்டுச் சொல்லுங்க" என்றாள் உரக்க. மிஷின் ஓடுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. பஸ்ஸில் மடியில் அந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் சீப்பு கிடக்கிற டம்ளரில் செருகினார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேப்ளரைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தார்.

"முடிச்சிட்டியா?"

"ஒண்ணுகூட அடிக்கல சார்."

"என்னய்யா, பின்னு தீர்ந்துடுச்சா?"

"இருக்கு சார். நான் அடிக்கமாட்டேன். வேற ஆள் பாருங்க."

"பெல்லு, என்கிட்ட வம்பு பண்ணாதே. உனக்கென்ன வந்துச்சு இதுல? உனக்குப் பிள்ளையா குட்டியா?"

"அதான் சார். இதைப் படிக்காமத்தான் எனக்குப் பிள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. கட்டின பொண்டாட்டியை நாப்பத்திரண்டே நாள்ல நானே பஸ் ஏத்தி விட்டேன்."

தலைமையாசிரியர் ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். வெளியே பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

"வியாழக்கிழமை எனக்கு வெளிய மீட்டிங் இருக்கு. நாள் பூரா இருக்கமாட்டேன். நான் இல்லாதப்ப யார் எந்தப் பாடம் நடத்தினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? டீச்சர்கிட்ட சொல்லிடு."

ஸ்டேப்ளர் மேஜை டிராயருக்குள் போயிற்று.

டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்பு ஜன்னலில் வைத்தாள். பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதிப் போடலாம். முதல் நாள் அதில் ஒரு சாக்லேட் காகிதம்தான் விழுந்தது. மறுநாள் மெதுவாகச் சீட்டுகள் விழுந்தன. வியாழக்கிழமை காலையில், வகுப்புகளைத் திறந்துவிட வந்த பெல்லு, நாலாக மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. அக்கம்பக்கம் பார்த்தார். போட்டுவிட்டார்.

மூன்றாவது பீரியட். பெல்லு வராந்தாவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கையில் கம்பியோடு நின்றார். ஜன்னல் வழியாக டீச்சர் குரல் தெளிவாகக் கேட்டது. முதலில் சிரிப்புச் சத்தம். அப்புறம் குறைந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெல்லு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டு. தன் சீட்டு இன்னும் வரவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது. கம்பியைத் தூக்கினார்.

"அடுத்த சீட்டு" என்றாள் டீச்சர். "'தூக்கத்தில் துணி நனைகிறது. நான் கெட்டுப் போய்விட்டேனா? எனக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தகுதி உண்டா?'ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்."

பின் பெஞ்சில் எவனோ கிக்கென்று சிரித்தான். பெல்லுவின் கை தூக்கியபடியே நின்றது.

"சிரிக்காதீங்க. இதே கேள்வி இந்த டப்பாவுல இன்னும் அஞ்சு சீட்டுல இருக்கு. சிரிக்கிறவங்கள்ல எத்தனை பேரோட சீட்டுன்னு எனக்குத் தெரியாது."

பின் பெஞ்சுக்காரன் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டான்.

"நல்லா கேட்டுக்கோங்க. இதை எழுதினவர் ரொம்ப பயந்துபோய் எழுதியிருக்கார்னு தெரியுது. பயப்பட ஒண்ணுமே இல்ல. நீங்க கெட்டுப் போகல. உங்களுக்கு எந்தச் சீக்கும் இல்ல. எல்லாருக்கும் வர்றதுதான்..."

கணக்கு வாத்தியார் பக்கத்து வகுப்பிலிருந்து தலையை நீட்டினார். "பெல்லு! மணி நாப்பத்திரண்டு ஆச்சே. என்னய்யா ஆச்சு உனக்கு?"

பெல்லு உதட்டில் விரலை வைத்தார். வாத்தியார் திகைத்துப் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒட்டுகிற நோட்டீஸைப் பற்றிச் சொன்னாள். லாட்ஜ் டாக்டரிடம் போகாதீர்கள், சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்னிடம் வாருங்கள் என்றாள். "கல்யாணம் பண்ணத் தகுதி உண்டான்னா, தாராளமா உண்டு. அதுக்கு வயசு வரட்டும்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரிப்பு.

கடைசி வார்த்தைவரை கேட்டார். புத்தகத்தில் படித்ததுதான். புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனித வாய் அவருக்கென்று அதைச் சொல்லிக் கேட்க முப்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

பதினொன்று நாற்பத்தேழுக்குக் கம்பியை ஓங்கினார். தெருவில் எந்த வீட்டில் உலை பொங்கி வழிந்ததோ, தெரியாது.